வேலன் ஊரில் மண்ணெண்ணெய் வாசம்

"ட்ரையா, ஸ்வீட்டா?"

ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் குடிவந்ததிலிருந்து, ஒயின் ஊற்றுகிறவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். ட்ரை, அதாவது இனிப்பில்லாதது. விருந்துக்குப் போன வீட்டில் கேட்டாலும் ட்ரை, உணவகத்தில் கேட்டாலும் ட்ரை. யோசிக்கவே மாட்டேன். உண்மையில் எனக்குப் பிடித்தது இனிப்பு ஒயின். இந்த ஒரு வரியை வெளியே சொல்ல 6 வருடம் ஆகியிருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் நாக்கு விஷயத்தில் மனிதன் சொல்லும் பொய்கள் சாதாரணமானவை அல்ல.

வந்த புதிதில் ஓர் அலுவலக விருந்து. ஒயின் பட்டியலில் "லீப்லிஷ்" என்று ஒன்று இருந்தது. இனிமையானது என்று அகராதி சொன்னதால் அதையே கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தோளைத் தட்டி, "ஆரம்பத்தில் எல்லாரும் அதில்தான் தொடங்குவோம்" என்றார். கிண்டல் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் சொன்னதில் ஓர் ஏணி இருந்தது. கீழ்ப்படியில் சர்க்கரை, மேலே போகப் போகப் புளிப்பும் துவர்ப்பும், உச்சியில் முகத்தைச் சுளிக்காமல் எதையும் விழுங்கிவிடும் ரசிகர்கள். அந்த ராத்திரியே நான் ஏறத் தொடங்கிவிட்டேன். ஜெர்மன் மொழியில் ட்ரைக்கு "ட்ரோக்கன்". துணி காயவைக்கும் இயந்திரத்தின் மேலும் அதே சொல்தான் எழுதியிருக்கும். ஈரமான ஒரு பொருளை உலர்ந்தது என்று சொல்லிக் கையில் கொடுத்தால், ஆமாம் எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று தலையாட்டிக் குடிக்கிற ஆளாகிவிட்டேன்.

போன வருடம் அக்டோபர் முதல் வாரம், நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. மோசல் ஆற்றங்கரைக்குப் போகலாம் என்றாள் மனைவி. அவள் ஒயின் குடிக்க மாட்டாள். படத்தில் பார்த்த மலைச்சரிவும் ஆறும் அவளுக்குப் போதும். எங்கள் வட்டாரத்தில் ஒயின் விஷயத்தில் கடைசித் தீர்ப்பு சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "மோசலா? அங்க எல்லாம் ஒரே சர்க்கரைத் தண்ணிங்க" என்றார். நானும் "ஆமா, சும்மா சீனரிக்குத்தான் போறோம்" என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குதூகலம். சர்க்கரைத் தண்ணீர் ஓடும் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று!

ஆறு சுற்றுகிறது, ரயில் சுற்றவில்லை

கோப்லென்ஸில் ரைன் நதியோடு மோசல் கலக்கிறது. அங்கே ரயில் மாறினால் மோசலை எதிர்த்து மேலேறிக்கொண்டே போகலாம். கோஹெம் நிலையம் தாண்டியதும் ரயில் ஒரு மலைக்குள் புகுந்துவிடும். 4.2 கிலோமீட்டர் சுரங்கம். ஆறு பாவம், அதே மலையைச் சுற்றி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வளைந்து வருகிறது. சுரங்கத்தின் அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும் என் மனைவி ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள். எதிரே கால்மாண்ட் சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று, சில இடங்களில் 60 பாகைக்கும் மேலே சாய்வு. 60 பாகை என்று எழுதும்போது ஒன்றும் தோன்றாது. சுவரில் ஏணி சாய்த்து வைத்தால் இருக்குமே, அந்தச் சாய்வு. அதில் வரிசை வரிசையாகச் செடி. "இதுல எப்படிங்க நிப்பாங்க?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

புல்லாயில் இறங்கி, ஒரு குட்டிக் கிளை ரயிலைப் பிடித்து டிராபன்-டிரார்பாஹ் போய்ச் சேர்ந்தோம். 1900 வாக்கில் ஒயின் வியாபாரத்தில் கொழித்த ஊர் அது. அந்தப் பணத்தில் கட்டிய வீடுகளும், 1899-இல் எழுந்த பாலத்துக் கோபுர வாசலும் இப்போதும் மிடுக்காக நிற்கின்றன. அந்தக் காலத்தில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த மோசல் ஒயின், பிரான்ஸில் போர்டோவின் பேர்போன ஒயின்களோடு விலையில் தோளுரசி நின்றது. இதைப் படித்தபோது நண்பரின் "சர்க்கரைத் தண்ணி" கொஞ்சம் இடித்தது. சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

மறுநாள் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஆற்றோரமாகவே மிதித்தோம். க்ரோஃப் என்ற கிராமத்தில் ஓர் ஒயின் விற்கிறார்கள். பெயர் "நாக்ட்ஆர்ஷ்". தமிழில் கௌரவமாகச் சொன்னால் அம்மணப் புட்டம். லேபிளிலும் ஒரு பையனின் கால்சட்டையை இறக்கிவிட்டு ஒருவர் அடிபோடும் படம்தான். விளம்பரக் குறும்பு இல்லை, அந்தத் தோட்டப் பகுதியின் பெயரே அதுதானாம். அடுத்து வந்த யூர்ட்சிக்கில் மண் திடீரென்று சிவந்துவிடுகிறது. அந்தத் தோட்டத்துக்கு "மசாலாத் தோட்டம்" என்று அர்த்தப்படும் பெயர். அதையும் தாண்டினால் ஆற்றுக்கு மேலே சுமார் 160 மீட்டர் உயரத்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலம், 1.7 கிலோமீட்டர் நீளம். 2019-இல் திறந்தார்கள். திராட்சைக்காரர்கள் பல வருடம் எதிர்த்துப் பார்த்தும் நடக்கவில்லை. அதன் நிழலைக் கடக்கும்போது நாங்கள் இருவரும் பேசாமல் மிதித்தோம்.

இருபது கிலோமீட்டர் போல வந்திருப்போம். ஊர்ப் பலகையைப் பார்த்து பிரேக் போட்டேன். ஜெர்மன் எழுத்தை அப்படியே உச்சரித்தால் வேலன்! எதிர்க்கரையில் செங்குத்தாக ஒரு மலை. குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பது இவ்வளவு தூரத்துக்குச் செல்லுபடியாகும் என்று நினைக்கவில்லை. மனைவி பலகையோடு நின்று படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள்.

முற்றத்து மேசை

மோசல் கிராமங்களில் திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்தையே கடையாகத் திறந்து வைப்பார்கள். ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாகம் எடுத்துவிடும். தனியாக உரிமம் வேண்டாம், ஆனால் விதி உண்டு. சொந்த ஒயினைத்தான் ஊற்றலாம், வருடத்தில் 4 மாதத்துக்கு மேல் திறக்கக்கூடாது, 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது. திறந்திருப்பதற்கு அடையாளமாக வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கும். அப்படித் தொங்கிய ஒரு வீட்டுக்குள் போனோம். ஐந்தாறு மரமேசைகள். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டபடி வந்தார். மகனும் மருமகளும் அறுவடையில் இருக்கிறார்கள், இங்கே தான் மட்டும்தான் என்றார். மனைவிக்குத் திராட்சைச் சாறு. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வாயெடுத்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான், "ட்ரோக்கன்" என்றேன்.

அவர் ஒரு கிளாஸ் கொண்டுவரவில்லை. இரண்டு கொண்டுவந்தார். இரண்டும் ரீஸ்லிங், இரண்டும் எதிரே தெரிந்த சரிவிலிருந்து, ஒரே வருடத்து அறுவடை. ஒன்று ட்ரோக்கன், மற்றது காபினெட். பாட்டில்களை என் பக்கம் திருப்பி வைத்து இரண்டு எண்களை விரலால் காட்டினார். ஒன்றில் ஆல்கஹால் 12 சதவீதம், இன்னொன்றில் 8.5. அப்போது அவர் சொன்னதுதான் நான் ஒயின் பற்றி இதுவரை கற்றதிலேயே உருப்படியான விஷயம். காபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று லேபிளில் இருப்பதெல்லாம் பறிக்கும்போது பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைச் சொல்பவை. ஒரு லிட்டர் சாறு 1085 கிராம் இருந்தால் 85 எக்ஸ்லே, அப்படி ஓர் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். அந்தச் சர்க்கரை பாட்டிலில் மிஞ்சியிருக்கிறதா, ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டதா என்பது வேறு கணக்கு. தின்றிருந்தால் ஆல்கஹால் ஏறியிருக்கும், தின்னாமல் விட்டிருந்தால் இறங்கியிருக்கும். எண் 8, 9 பக்கம் நின்றால் இனிக்கும், 12-ஐத் தொட்டால் இனிக்காது. அகராதி எதுவும் வேண்டாம்.

இரண்டையும் ருசி பார்த்தேன். ட்ரோக்கன் வாயில் விழுந்ததும் பல் கூசியது. நல்ல ஒயின்தான், சந்தேகமில்லை. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல ஒரு வாசம். ஆனால் விழுங்கிய பிறகு அடுத்த வாய்க்குக் கை போகவில்லை. காபினெட்டிலும் அதே புளிப்பு இருந்தது. அதன் மேல் ஒரு கை வைத்துத் தணித்ததுபோல் இனிப்பு வந்து, நாக்கு முழுக்கப் பரவி, விழுங்கும்போது ஈரமான கல்லை நக்கியதுபோல் சுத்தமாக முடிந்துபோனது. சர்பத் இல்லை. திகட்டவில்லை. "எது பிடித்திருக்கிறது?" என்றார் அந்த அம்மா. நான் கொஞ்சமும் கூசாமல் ட்ரோக்கனைக் காட்டி, "இதில் மினரல் தன்மை நன்றாக இருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்துத் தூசி படிந்த ஒரு பாட்டிலோடு வந்தார். பதினைந்து வருடத்துக்கு மேல் கீழ் அறையில் கிடந்த ஷ்பேட்லேசே. விற்பனைக்கு இல்லை, வேறொரு மேசைக்காகத் திறந்தது, மோந்து பாருங்கள் என்று எனக்குக் கொஞ்சம் ஊற்றினார். பொன் நிறம். கிளாஸ் என் மூக்குக்கு வருவதற்கு முன்பே பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது! கிளாஸைச் சரியாக் கழுவலையோ என்னவோ, குடிக்காதீங்க."

எனக்கும் அடித்தது. ஸ்டவ் திரியைத் தூண்டும்போது வருமே, அச்சு அசல் அதே வாடை. ஆனால் வீட்டுக்காரம்மா ஆசையோடு ஊற்றியதைப் பற்றி இப்படியா சொல்வது? "சும்மா இரு" என்று பல்லைக் கடித்தேன். அந்த அம்மா என் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். "சுவாரசியமான வாசனை என்கிறாள்" என்றேன். "அவர் சொன்னது அதைவிட நீளமாக இருந்ததே" என்றார் விடாமல். வேறு வழியில்லை. மண்ணெண்ணெய் என்பதற்கு ஜெர்மன் சொல் சட்டென்று வாயில் வராமல், "பெட்ரோல் மாதிரி இருக்கிறதாம்" என்றேன். அவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெட்ரோல்! அதுதான்! அதேதான்!" என்று சொல்லி என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பழைய ரீஸ்லிங்கில் அந்த வாசம் வருவது ஊரறிந்த விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பழத்தில் கரோட்டினாய்டுகள் சிதைந்து சில பொருள்கள் உண்டாகின்றன. அவை பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் மெல்ல மாறி டி.டி.என். என்ற சேர்மமாகின்றன. வாடைக்குக் காரணம் அதுதான். இளம் ஒயினில் தூக்கலாக அடித்தால் குறை என்பார்கள், முதிர்ந்த ஒயினில் அளவாக வந்தால் கொண்டாடுவார்கள். ஒரு துளிகூடக் குடிக்காத என் மனைவி அதை மூன்று நொடியில் கண்டுபிடித்தாள். ஆறு வருடமாக ஏணி ஏறிக்கொண்டிருந்த நான், அதே வாடையை மோந்தும் மறைத்தேன். மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. மூக்கு சொன்னதை வாய் ஒப்பித்துவிடுமோ என்ற பயம்தான். இன்னொன்று, அந்தப் பழைய ஒயினில் இனிப்பு கிட்டத்தட்ட தெரியவே இல்லை. சர்க்கரை எங்கேயும் போகாது, வயதானால் ஒயின் அதைத் தனக்குள் மடித்து வைத்துக்கொள்ளும் என்று கையால் மடித்துக் காட்டினார்.

அப்புறம்தான் அது நடந்தது. பேசிக்கொண்டே மேசையை ஒழுங்குபண்ணியவரின் கை, என் முதல் இரண்டு கிளாஸ்களுக்கு முன்னால் நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். ட்ரோக்கன் கிளாஸ் அவர் ஊற்றியபடியே இருந்தது, ஒரு விரல்கூடக் குறையவில்லை. காபினெட் கிளாஸ் துடைத்து வைத்தாற்போல் காலி. எப்போது குடித்தேன் என்று எனக்கே தெரியாது. மினரல் தன்மை பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது என் கை அதன் போக்கில் வேலை பார்த்திருக்கிறது. அந்த அம்மா நிறைந்த கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதைத் துப்புவதற்கென்று மேசையோரம் வைத்திருந்த வாளியில் கொட்டினார். காலி கிளாஸை என் பக்கம் நகர்த்திக் காபினெட்டை ஊற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி சாற்றை உறிஞ்சுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தாள்.

இரண்டு மணிக்கு மூன்று இருபது

அவமானம் என்று சொல்ல மாட்டேன். செருப்புக் கடித்துக்கொண்டே நடந்தவனிடம் அதைக் கழற்றிவிடேன் என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது. மறுநாள் பிற்பகல் பாலம் கடந்து எதிர்க்கரைச் சரிவில் ஏறினோம். தோட்டத்தின் நடுவே பாறையில் ஒரு சூரியக் கடிகாரம் வரைந்திருக்கிறது. 1842-இல் யோடோகுஸ் ப்ரூம் என்ற தோட்டக்காரர், வேலை செய்பவர்களுக்கு நேரம் தெரியட்டும் என்று வைத்தது. தோட்டத்துக்கே சூரியக் கடிகாரம் என்றுதான் பெயர். நாங்கள் போனபோது என் கைக்கடிகாரத்தில் 3:20. பாறையில் நிழல் 2-இல் நின்றது. கோடை நேரம் என்று நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது அதற்கு எப்படித் தெரியும்?

காலுக்குக் கீழே மண்ணே இல்லை. முழுக்கச் சிலேட்டுச் சில்லு. பள்ளிக்கூடத்துச் சிலேட்டை யாரோ லாரி லாரியாக உடைத்துக் கொட்டினாற்போல். ஒவ்வொரு அடிக்கும் சரசரவென்று சரிகிறது. ஒரு தரம் வழுக்கிக் கையை ஊன்றினேன், உள்ளங்கையில் சூடு. பகலில் வாங்கிய வெயிலை ராத்திரிக்குச் செடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம் இந்தக் கல். செடி ஒவ்வொன்றுக்கும் தனி முளைக்கம்பு. இரண்டு கொடிகளை இரண்டு பக்கமும் வளைத்துக் கீழே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள், பார்க்க இதய வடிவம். அழகுக்காக என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக, பிசிறில்லாமல், ஒரே முறுக்கில் போட்ட முடிச்சு. இப்படிச் செடி செடியாக நின்றால்தான் மேலும் கீழும் மட்டுமல்லாமல் குறுக்கேயும் ஆள் நகர முடியும். பல் சக்கரம் வைத்த ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி, பழக்கூடைகளோடு எங்களைத் தாண்டி இறங்கிப்போனது. அதை ஓட்டிய பையன் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கீழே பார்க்கவே தலை சுற்றியது.

மூச்சு வாங்க அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட்டது. வட அட்சரேகை 50-ஐ ஒட்டிய ஊர் இது. ரீஸ்லிங் மெதுவாகப் பழுக்கும் பழம், அக்டோபரைத் தாண்டியும் கொடியில் தொங்கும். முன்பெல்லாம் முழுசாகப் பழுப்பதே பெரும்பாடு, அதனால் புளிப்பு உச்சத்தில் இருக்கும். பறித்துப் பிழிந்து பீப்பாயில் ஊற்றுவதற்குள் குளிர்காலம் வந்துவிடும், கீழறைக் குளிரில் ஈஸ்ட் பாதி வேலையோடு தூங்கிப்போகும். மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். பல்லைக் கூசவைக்கும் புளிப்புக்கு அந்த மிச்சம் கச்சிதமான ஜோடி. குளிர் செய்த காரியத்தை இன்று குளிரூட்டியையும் வடிகட்டியையும் வைத்து நேரம் பார்த்துச் செய்கிறார்கள். இடைக்காலத்தில், 1970-80களில், மலிவான ஜெர்மன் இனிப்பு ஒயின் பாட்டில் பாட்டிலாக ஏற்றுமதியாகிப் பெயரைக் கெடுத்தது. சலித்துப்போய் ஜெர்மன்காரர்களே ட்ரோக்கன் பக்கம் சாய்ந்தார்கள். என் தோளைத் தட்டியவர் அந்தச் சலிப்பின் பிள்ளை. அவர் ஏறிய ஏணி அவருக்கு நிஜமானது. எனக்கும் அதையே போட்டுக்கொண்டதுதான் என் பைத்தியக்காரத்தனம். இப்போது வெயில் கூடி, பழம் முன்னைவிடச் சுலபமாகப் பழுக்கிறது, ட்ரோக்கனும் முன்னைவிட நன்றாகவே வருகிறது என்று அந்த அம்மாவே சொன்னார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ட்ரோக்கன்தானாம்! காபினெட் மாலையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது.

ஆறு பாட்டில் காபினெட் வாங்கினேன். அதோடு நிற்காமல், வழியில் ஃபெடர்வைஸரும் ஒன்று. அறுவடை சமயத்தில் மட்டும் கிடைக்கும், பாதி நொதித்த, கலங்கலான புது ஒயின். நம் கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நொதித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கமாட்டார்கள், நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். ரயிலில் பையைப் படுக்கவைத்தேன். மிச்சத்தை மனைவியின் ஸ்வெட்டரைக் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த நண்பரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். குளிரவைத்த காபினெட்டை எடுத்து வந்தேன். வழக்கம்போல அவர், "ட்ரைதானே?" என்றார்.

"இல்லங்க, ஸ்வீட்" என்றேன். சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் போய்விட்டது. சிலேட்டைப் பற்றி, 8.5-ஐப் பற்றி, காலியான கிளாஸைப் பற்றி எல்லாம் சொன்னேன். மண்ணெண்ணெய்க் கதையை மனைவி தன் பங்குக்கு இன்னும் விரித்துச் சொன்னாள். அவர் ரசித்துக் கேட்டார், இடையிடையே கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார், "நல்லாதான் இருக்கு, நல்லாதான் இருக்கு" என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் கிளாஸ் இரண்டாம் முறையாகக் காலியாகியிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவருடையதில் நான் ஊற்றிய கோட்டிலேயே ஒயின் நின்றது.

எழுந்து சமையலறைக்குப் போய், அவருக்காக எப்போதும் வாங்கி வைக்கும் ட்ரை பாட்டிலைத் திறந்தேன். கார்க் சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து, "எதுக்குங்க சிரமம், இதுவே போதுமே" என்றார். நான் வெளியே வருவதற்குள் புது கிளாஸ் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.